ஒரே பாறை, இரண்டு மோட்டார்

அலுவலகத்தில் அவருக்கு 'விரிசல்' என்று பெயர். வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. நிலத்தடி நீர்ப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எழுதிய அறிக்கைகளில் அந்தச் சொல் இல்லாத பக்கம் கிடையாது. ஊர் உட்கார்ந்திருப்பது கெட்டிப் பாறை மேல். கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை, அதற்கும் கீழே போனால் சலிக்காமல் மறுபடியும் பாறை. மணல் பூமி என்றால் எங்கே குத்தினாலும் மனசு இரங்கித் தண்ணீர் கொடுத்துவிடும். பாறைக்கு அந்த இளகிய சுபாவம் இல்லை. அது எங்கே விரிசல் விட்டிருக்கிறதோ அங்கே மட்டும்தான் தண்ணீர். விரிசலில் குத்தியவன் வீட்டில் குழாய் கொட்டும். ரெண்டு அடி தள்ளிக் குத்தியவன் வீட்டில் புழுதி பறக்கும். இதில் நியாயம் அநியாயம் பார்க்க முடியாது என்பதை ஜனங்களுக்குப் புரியவைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"இடத்துல விரிசல் இருக்கா சார்?" என்று கவலையோடு கேட்பார்கள். "அருமையான விரிசல். ரொம்ப ஆழமாப் போகுது" என்பார். கேட்டவர் முகம் மலர்ந்துபோகும்.

வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல்லை அவர் வாயில் எடுப்பதில்லை.

வீடு என்பது பாதி வீடு. மாமனாருடையது. அவர் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் மச்சானும் இந்தப் பக்கம் மனைவியும் பிரித்துக்கொண்டார்கள். சமையலறை இந்தப் பக்கம் வந்தது. மாடிப்படி அந்தப் பக்கம் போனது. அதுவரை யாருக்கும் முகம் கோணவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு ஏணி. மூங்கில் ஏணி, அதிலும் ஒரு படி ஆட்டம். மாடியில் இருக்கும் தொட்டியைப் பார்க்கத் தங்களுக்குத்தான் ஏணி வேண்டும், அவர்களுக்குப் படியே இருக்கிறது என்றாள் மனைவி. மச்சான் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டே, "உனக்கு எதுக்கு பாப்பா ஏணி? உன் புருஷன் மேல பாக்குற ஆளா? பூமிக்குக் கீழதான பாக்குறவரு" என்றார்.

நல்ல நகைச்சுவைதான். இவர் சிரித்துவிட்டார். இவருடைய மணவாழ்க்கையில் நடந்த பெரிய விபத்து அந்தச் சிரிப்பு. ஐந்து வருடமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனை அவள் மன்னிக்காததில் ஒரு கௌரவமாவது இருந்தது. சிரித்தவரை மன்னிக்காமலேயே அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் அவர் ஜன்னல் கம்பியில் ஒரு காலும் தண்ணீர் டிரம்மில் ஒரு காலுமாக ஏறுவார். அந்த நேரம் பார்த்து மச்சான் தன் பக்கத்துப் படியில் நிதானமாக ஏறும் செருப்புச் சத்தம் கேட்கும்.

மச்சானும் இவரும் மட்டும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். இடம், தெருக்கோடி முடிதிருத்தகம். இரண்டு பேர் தலையிலும் வெட்டுவதற்கென்று பெரிதாக எதுவும் பாக்கியில்லை. முடிதிருத்துபவரும் நாகரிகமான மனிதர், காற்றில் கத்தரியை ஆட்டிச் சத்தம் மட்டும் கொடுப்பார்.

மச்சானுக்குச் சலவைத் தொழில். வீட்டுப் பின்பக்கம் கொட்டகை போட்டு, பெரிய பெரிய மெஷின்கள் வைத்து, லாட்ஜ்களின் பெட்ஷீட்டுகளை வெளுத்துக் கொடுத்தார். அதற்குத் தண்ணீர், அவர் பக்கத்தில் போட்டிருந்த போரிலிருந்து. இந்தப் பக்கமும் ஒரு போர் உண்டு. இடம் பார்த்துக் கொடுத்தவர் வீட்டுக்காரரே. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, இந்தக் கோடை வரைக்கும்.

ஒரு நாள் காலை மோட்டார் போட்டதும் குழாய் இருமியது. இரண்டு முறை துப்பியது. பிறகு காற்றுதான் வந்தது.

"என்னங்க, இங்க வாங்க" என்று மனைவி கூப்பிட்ட தொனியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று தெரிந்தது. "நம்ம தண்ணிய அவங்க உறிஞ்சுறாங்க. ராத்திரி பகலா மெஷின் ஓடினா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பாறையில பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ஒரு போருக்கும் இன்னொரு போருக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல."

"இல்லாமலும் இருக்கணும்னு இல்லல்ல?"

படித்த படிப்பு மொத்தத்தையும் அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

"சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சா நான் புகார் குடுப்பேன்" என்றாள். "வீட்டுக்குன்னு போட்ட போர்ல தொழில் பண்றாங்க. வந்து சீல் வெப்பாங்க. அது எந்த ஆபீஸ்ல குடுக்கணும்?"

"எங்க ஆபீஸ்லதான்."

"எந்த சீட்டு?"

அவர் சுவரைப் பார்த்தார். "என் சீட்டு."

அதாவது, இவள் கொடுக்கிற புகாரை இவரே வாங்கி, இவரே ஜீப்பில் ஏறிச் சுற்றிவந்து பக்கத்து வாசலில் இறங்கி, மச்சான் கண் முன்னால் அவர் பிழைப்புக்கு அரக்கு வைக்க வேண்டும். அதற்கப்புறம் அந்தச் சுவர் சுவராகவே நின்றுவிடும். மேல் லோகத்தில் பார்த்தாலும் அண்ணனும் தங்கையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆகவே, இரண்டு போருக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிப்பது குடும்பஸ்தனாக அவர் கடமை ஆயிற்று.

அதற்கு ஒரு வழி இருந்தது. அலுவலக ஸ்டோரில் ஒரு சாயப் பொடி உண்டு. டப்பாவில் இருக்கும்போது செங்கல் நிறம். தண்ணீரில் ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், கிளிப்பச்சை. கெடுதல் கிடையாது. கண் டாக்டர்கள் கண்ணில் விட்டுப் பார்க்கிற சமாசாரம்தான். ஒரு கிணற்றில் கரைத்து ஊற்றினால், பாறைக்குள் வழி இருக்கும் பட்சத்தில், அடுத்த கிணற்றில் பச்சை வரும். வழி இல்லையென்றால் வராது.

மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே கரைத்துத் தங்கள் போரில் ஊற்றினார். கடைசியாக டிரம்மில் இருந்த நல்ல தண்ணீரையும் அதன் பின்னாலேயே ஊற்றினார். அவள் அந்தத் தண்ணீர் போவதைப் பார்த்த பார்வையை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன?"

"மச்சா… அவங்க பக்கத்துச் சாக்கடை நம்ம வாசல் வழியாத்தான போகுது. பச்சை வந்தா சம்பந்தம். வரலைன்னா இல்ல."

அன்று முதல் அவர் வாசலில் நின்று சாக்கடையைப் பார்ப்பதைத் தெரு வேடிக்கை பார்த்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். அலுவலகம் கிளம்பும்போது பார்த்தார், வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பார்த்தார். சோப்பு நுரையோடு சாம்பல் நிறத்தில் சாக்கடை ஓடியது. இத்தனை அழகான சாக்கடையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பாறையில் வழி இருந்தால் மறுநாளே வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஆயிற்று. பச்சை இல்லை.

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த மனைவியிடம் வெற்றிச் செய்தியைக் கொண்டுபோனார்.

"பாத்தாச்சும்மா. நம்ம போருக்கும் உங்க அண்ணன் போருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டையாவது போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"துளி கூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒரு வாரமா அதத்தான பாத்துட்டிருக்கேன்."

"சரி" என்றாள். அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முடிவு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கண்ணில் படாது. அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். அவள் புரண்டுகொண்டே இருந்தாள் என்பது மறுநாள் கண்ணைப் பார்த்துத் தெரிந்தது. புழுக்கம் என்று எழுதிக்கொண்டார், மனசுக்குள்.

அடுத்த இரண்டாவது நாள், விடுமுறை, காலைச் சாப்பாடு ஆன நேரம். போன் அடித்தது. மச்சான். வீட்டில் இருக்கும்போது கூப்பிடக் கூடாது என்பது முடிதிருத்தகத்து ஒப்பந்தம். அதை மீறிக் கூப்பிடுகிறார் என்றால் ஏதோ ஒன்று. அவர் போனைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார்.

"மாப்ள, ஒரு சந்தேகம். நீ தண்ணிப் படிப்புதான படிச்ச?"

"ஆமா மச்சான்."

"தண்ணி பச்சையா வந்தா என்ன அர்த்தம்?"

"எவ்வளவு பச்சை?"

"மெஷின்லேருந்து எடுக்கிறேன், எடுக்கிற பெட்ஷீட்டு ஒவ்வொண்ணும் கிளி மாதிரி இருக்கு. சாயங்காலம் லாட்ஜுக்குக் குடுக்கணும். கல்யாணக் கூட்டம் வருதாம். அவங்க வெள்ளைதான கேட்டாங்க."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் மச்சான் வீட்டு வாசல் கேட்டைத் திறந்தார். கீல் கத்தியது. அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கொட்டகையில் பெட்ஷீட்டுகள் மலையாகக் குவிந்துகிடந்தன. வயலில் நாற்று மாதிரி, கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மச்சானின் மனைவி, இவளுக்கு அண்ணி, ஒரு தலையணை உறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழியப் பிழியப் பச்சை வந்தது.

"திரும்பத் துவைச்சாப் போயிடும்ல?" என்றாள் அண்ணி, வந்தவரை வாங்க என்று சொல்லக்கூடத் தோன்றாமல்.

"போயிடும். ஆனா துவைக்கிற தண்ணியும் பச்சையாத்தான வரும்" என்றார் அவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி பூமியின் தாதுப்பொருள்கள் பற்றி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். இவர், "நான்தான் ஊத்தினேன்" என்றார்.

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க ஊத்தின?"

"எங்க போர்ல."

"எதுக்கு?"

"உங்க போருக்கும் எங்க போருக்கும் சம்பந்தம் இல்லன்னு நிரூபிக்க."

மச்சான் பெட்ஷீட் மலையை அடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை பார்த்தார்.

"நல்லா நிரூபிச்சிருக்க" என்றார்.

"ஒரு வாரமா சாக்கடையப் பாத்தேன் மச்சான். சுத்தமாத்தான இருந்துச்சு. அதான் எனக்குப் புரியல."

மச்சானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. மனைவி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். மூக்குக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அவள் அண்ணனைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அங்க தண்ணி பச்சையாவா வருது?"

மச்சானும் தங்கையைப் பார்க்கவில்லை. "மாப்ள, வெளிய யாரோ கேக்குறாங்க. ஆமான்னு சொல்லு."

"ஆமா" என்றார் அவர்.

"ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னீங்க?"

"சாக்கடையில பச்சை வரலைம்மா."

"ஏன் வரலைன்னு கேளுங்க."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். அண்ணிதான் உறையை உதறிக்கொண்டே சொன்னாள். "மோட்டார் எரிஞ்சுபோச்சு. காயில் கட்டக் குடுத்து நேத்துதான் வந்தது. அதுவரைக்கும் லாரித் தண்ணிதான். பின் தெரு வழியா வரவெச்சு ஊத்தினோம். முன்பக்கம் வந்தா சில பேர் பாத்துச் சந்தோஷப்படுவாங்கன்னு இவருதான் வேண்டாம்னாரு."

சாக்கடையில் ஒரு வாரமாக அவர் ரசித்தது ஏதோ வெளியூர் ஏரியை.

"மோட்டார் ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"தண்ணி இல்லாம ஓடினா எரியாம?" என்றார் மச்சான். "கோடை ஆரம்பிச்சதுலேருந்தே இழுக்க மாட்டேங்குது. கொஞ்சம் வருது, அப்புறம் காத்து. நான் நினைச்சேன், நீ அந்தப் பக்கம் உன் வித்தையக் காட்டி எல்லாத்தையும் உறிஞ்சுறன்னு."

சுவர் மேல் இருந்த கண்கள் அகல விரிந்தன. "எங்களுக்கே வத்தி ரெண்டு வாரம் ஆச்சு. அவங்க கிட்ட சொல்லுங்க."

"எப்போ வத்திச்சுன்னு கேளு மாப்ள."

"ரெண்டு வாரம்னு சொன்னாங்களே மச்சான்."

"குடிக்க என்ன பண்றாங்களாம்?"

"கேன் தண்ணிம்மா… மச்சான், கேன் தண்ணி" என்று திரும்பித் திரும்பிச் சொல்லி அவருக்குக் கழுத்து வலித்தது.

பெட்ஷீட்டுகளிலிருந்து பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மோட்டாரும் ஒரே விரிசலின் இரண்டு முனையில் நின்றுகொண்டு, போட்டி போட்டு இழுத்து, இரண்டும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஓடும்போது மற்றது சும்மா இருந்தால் விரிசலுக்கு ஊறி நிரம்ப நேரம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் அளவாக வரும். இதை அவர் ஊர் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்த விளக்கத்தின் கடைசியில் சொல்ல ஒரு நல்ல வரி இருந்தது, விரிசலையும் தண்ணீரையும் உறவையும் சேர்த்து. பல வருடமாகத் தகுந்த சமயத்துக்காக அதை வைத்துக் காப்பாற்றி வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பெட்ஷீட்டுக்கு வழி சொல்லுங்க முதல்ல" என்றாள் மனைவி சுவருக்கு மேலிருந்து.

"வெயில்" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இந்தச் சாயம் வெயில் தாங்காது. டப்பாவையே இருட்டுல வெச்சிருப்போம். நல்ல வெயில்ல விரிச்சுப் போட்டா மத்தியானத்துக்குள்ள வெளுத்திடும்."

மச்சான் மாடியைப் பார்த்தார். அவர் மாடியில் பாதி, எதிரே புதிதாக எழும்பிய கட்டடத்தின் நிழலில் இருந்தது. மீதிப் பாதியில் இந்த மலையில் கால்வாசிகூட அடங்காது.

"நம்ம மாடி முழுக்க வெயில்தான்" என்றாள் மனைவி. கணவரிடம்தான் சொன்னாள். "சும்மாத்தான கிடக்கு."

"மாடிக்கு எப்படி ஏறுவாங்களாம்?" என்று கேட்டுவிட்டு மச்சான், கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டவர் மாதிரி நின்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஏணி இருந்தது. ஒட்டடை படிந்திருந்தது. ஐந்து வருடத்தில் அதை யாரும் எடுக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. படியிருக்கும் வீட்டில் எதற்கு எடுப்பார்கள்.

சுவருக்கு மேலாக அதை அந்தப் பக்கம் நீட்டினார். தங்கை வாங்கிக்கொண்டாள். "அந்த மூணாவது படி ஆடும்" என்றார் மச்சான், பொதுவாக, சுவரிடம்.

"எனக்குத் தெரியும்" என்றது சுவர்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. மாடியிலும் குறுக்கே அதே சுவர் இருந்ததால், மச்சானும் அண்ணியும் தங்கள் படி வழியாகச் சுமந்துபோய் அங்கிருந்து எடுத்துக் கொடுக்க, மனைவி ஏணியில் ஏறிப் போய் இந்தப் பக்கம் வாங்கி விரிக்க வேண்டியிருந்தது. அவரும் ஏறப் போனார்.

"நீங்க கீழயே இருங்க. ஏணியப் பிடிங்க" என்றாள். "நீங்க கீழ பாக்குற ஆளுதான."

மேலே மச்சான் சிரித்த சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு தடவை சிரித்து ஐந்து வருடம் அனுபவித்தது போதும் என்று ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரித்த மாதிரி இருந்தது. கீழே இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேலிருந்து துண்டு துண்டாகச் சத்தம் வந்தது.

"நுனியப் பிடி பாப்பா."

"பிடிச்சிட்டேன். விடுங்க."

"இழுத்து விரி. மடிப்புக்குள்ள வெயில் போகாது."

"எனக்குச் சொல்லித் தராதீங்கண்ணா. அம்மா துணி காயப்போடும்போது நீங்க எங்க இருந்தீங்க, பட்டம் விட்டுட்டிருந்தீங்க."

"நீ நூல் பிடிச்சதாலதான விட்டேன்."

இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. அவர் முகத்தை நிமிர்த்திச் சற்று உரக்க ஆரம்பித்தார். "நான் என்ன சொல்றேன்னா, பாறையில விரிசல் விட்ட இடத்துலதான்…"

"ஏணிய ஆட்டாதீங்க" என்றாள் மனைவி.

அவர் ஆட்டவில்லை. அந்த வரியையும் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

வெயில் அன்றைக்குக் குறை வைக்கவில்லை. கிளிப்பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பாலாகி, மத்தியானம் தாண்டியதும் மாடி முழுக்க வெள்ளை. லாட்ஜ் ஆள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, எப்போதையும்விட வெளுப்பாக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போனான். என்ன சோப்பு என்று கேட்டதற்கு மச்சான் குடும்ப ரகசியம் என்றாராம்.

புகாரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஏணி சுவரில் சாய்ந்தே நின்றது. எந்தப் பக்கத்துச் சொத்து என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பாப்பா, நான் போடவா, நீ போடுறியா?" என்று குரல் வந்தது. "நாங்க நிரப்பிக்கிறோம், அப்புறம் போடுங்க" என்று இவள் பதில் கொடுத்தாள். மோட்டார் இரண்டு தடவை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. லேசான பச்சை. அவள் கையில் ஏந்திப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் இரண்டு நேரமும் அந்தக் குரல் கேட்கிறது. மோட்டார் விஷயம் ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. முடிதிருத்தகத்துக்கு அவர்கள் போவது குறைந்துவிட்டதில் முடிதிருத்துபவருக்குத்தான் வருத்தம்.

தண்ணீர் முழுக்கத் தெளிந்து ஒரு மாதம் இருக்கும். அலுவலகம் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மனைவி கேட்டாள்.

"அந்தப் பச்சைப் பொடி இன்னும் இருக்கா?"

"ஸ்டோர்ல இருக்கு. ஏன்?"

"ஒண்ணும் இல்ல." முந்தானையில் கையைத் துடைத்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவை ஊத்திப் பாத்துட்டா என்ன? வழி அடைச்சுக்கிச்சான்னு."

பாறையில் ஒரு தடவை விட்ட விரிசல் அவ்வளவு சுலபமாக அடைத்துக்கொள்ளாது என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையும்கூட.

"பாத்துடலாம்" என்றார். "மச்சான் கிட்ட முன்கூட்டியே சொல்லிடு. பெட்ஷீட் இல்லாத நாளாப் பாத்து."